பெரியகல்லாற்றில் கழன்று விழுந்தவை

1971ஆம் ஆண்டு மாசி மாதம் பதினோராம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு, பெரியகல்லாற்றில் கிறகோரி தன்னுடைய வானின் முன் சக்கரத்து நட்டு ஒன்றை இறுக்கினார். அதே கணத்தில் நாலு வளவு தள்ளி வினாயகமூர்த்தியின் கிணற்றுக் கப்பி கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. இரண்டாவது நட்டை இறுக்கினார். சந்தியில் தபாற்காரரின் சைக்கிள் சங்கிலி கழன்றது. மூன்றாவதற்கு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த மக்டலின் ரீச்சரின் கொண்டை அவிழ்ந்து இடுப்புவரை விழுந்தது. நாலாவதற்கு, ஊரின் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைவரை பதினொரு ஆடுகளின் கயிறு ஒன்றாக அவிழ்ந்து, அவை வரிசையாக வேதக்கோயிலுக்குள் போய்ப் பீடத்துப் பூவைத் தின்றன. மத்தியானத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊரில் இறுகியிருக்கும் சாமான்களின் தொகைக்கு ஓர் அளவு உண்டு. கிறகோரியின் வானில் ஒன்று இறுகினால் வேறெங்கோ ஒன்று கழர வேண்டும். சீனிக்கும் சீத்தைத் துணிக்கும் வரிசையில் நின்று களைத்த சனம் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கப்பியைத் திரும்பக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அந்த வான் பாசிக்குடாவில் கிடந்து வந்தது. தலைமன்னார்க் கப்பலில் வந்திறங்கிய ஒரு வெள்ளைக்காரச் சோடி அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, மூன்று மாதம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் புறப்படப் பார்த்தால் வான் அசையவில்லை. தங்கள் பெட்டிகளைக் கல்குடா ஸ்ரேசன்வரை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்ட கிறகோரிக்கு அதையே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, கையகலக் குசினி, கைகழுவ ஒரு தொட்டி, மேலே தூக்கி விரிக்கும் கூரை. ஊர் அதற்குக் கட்டில் வான் என்று பெயர் வைத்தது. ஆறு எருமைகள் ஒன்பது நாள் இழுத்து அதைப் பெரியகல்லாற்றுக்குக் கொண்டு வந்தன. வந்து சேர்ந்தபோது துருவேறிக் கறள் பிடிக்காத இடம் அதில் கண்ணாடி மட்டுமே.

கிறகோரி றெயில்வேயில் முப்பது வருடம் தண்டவாள ஆணி இறுக்கி இளைப்பாறியவர். தன்னைத் தவிர வேறொருவன் ஒரு நட்டைத் தொட்டால் அது ஒழுங்காக இறுகாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. கல்முனைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்றவர்களோடு அவர் பிறகு பேசவில்லை. அவருடைய மனைவி பீற்றிஸுக்கோ வானைப் பற்றி ஒரு நம்பிக்கையும் இல்லை. ஒரு நேத்தி மட்டும் இருந்தது. 1970 ஐப்பசியில் கிறகோரி நெருப்புக் காய்ச்சலில் கிடந்து, பாதர் வந்து சாகக் கிடப்பவர்களுக்குரிய அவஸ்தை பூசிவிட்டுப் போன பின்பு, இவர் எழும்பினால் வருடா வருடம் ஆவணித் திருநாளுக்கு இரண்டு பேருமாக மடுவுக்கு வந்து மாதாவின் காலடியில் தங்கிப் போவோம் என்று அவள் நேர்ந்திருந்தாள். கிறகோரி எழும்பிவிட்டார். போகத்தான் இல்லை.

“இஞ்சேருங்க, பஸ்ஸில போவமே,” என்றாள் பீற்றிஸ்.

“கட்டிலோட வான வளவுக்குள்ள வச்சிக்கிட்டு பஸ்ஸில போறதோ? மடுவில சனம் மரத்துக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுக்கும். நாம யன்னல் சீலையோட படுப்பம். ஒரு மாதம் பொறு புள்ள.”

அந்த ஒரு மாதம் மூன்று வருடம் நீண்டது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். உதிரிப்பாகம் என்றால் கண்ணால் காண்பதற்குக்கூடக் கிடையாது. அதனால் கிறகோரி எல்லாவற்றையும் தானே செய்தார். ஒழுகிய கூரையை, வள்ளத்துக்கு அடைப்பதுபோல, பஞ்சுத் திரியும் குங்கிலியமும் எண்ணெயும் இடித்து அடைத்தார். மழைக்கு ஒழுகாத கூரை வெயிலுக்கு உருகிக் கட்டிலில் சொட்டியது. கிளச்சுக் கம்பிக்குச் சைக்கிள் பிறேக் கம்பி போட்டார். அது ஏழு தரம் அறுந்தது. பஸ் ரயர் ரியூப்பை வெட்டி வாசர் செய்தார். ஒன்றைத் திருத்த அடுத்தது பழுதானது. அதைத் திருத்த முந்தியது திரும்பப் பழுதானது. எரிச்சலில் அவர் தொப்பியைக் கடித்துக் கடித்து, மூன்று வருடத்தில் நாலு தொப்பியைத் தின்று முடித்தார் என்பது ஊரறிந்த கணக்கு.

ஒவ்வொரு திருத்தமும் கடைசியில் ஓர் இறுக்கலில்தான் போய் நின்றது. ஆகவே ஊர் ஓர் ஒழுங்கு செய்தது. கிறகோரி ஸ்பனரைக் கையில் எடுக்க முதல் கோயில் மணி மூன்று தரம் அடிக்க வேண்டும். மணி கேட்டதும் ஆண்கள் இடுப்புச் சாரத்தைப் பிடிப்பார்கள், பெண்கள் கொண்டையைப் பிடிப்பார்கள், தோணிக்காரர் கயிற்றைப் பிடிப்பார்கள்.

“அண்ணே, எத்தின சுத்து?” என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

“மூணு!”

“மூணா? ஒரு கை காணாது மச்சான், ரெண்டு கையாலயும் புடி!”

நன்மையும் நடக்காமல் இல்லை. தொட்டிக் குழாயை இறுக்கிய அன்று, நாலு நாளாகக் கட்டிக்கிடந்த உபதேசியாரின் வயிறு இளகியது; அவர் வாழைக்குலையோடு வந்து, மாதத்துக்கு ஒரு தரம் அரைச் சுற்றுத் தரும்படி கேட்டுக்கொண்டார். பற்றரிக் கம்பியை இறுக்கியபோது, பதினாலு வருடம் முகம் பாராத இரண்டு சகோதரிகளின் நாக்குக் கழன்றது. விடியத் தொடங்கிய பேச்சு பின்னேரம்வரை நிற்காமல் போய், அந்திப்பட முதல் அவர்கள் புதிதாகச் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் நேத்தி காத்திருக்கவில்லை. 1971 ஆவணி பதினைந்தாம் திகதி, திருநாள் தவறிய அன்று, கிறகோரிக்கு ஒரு மணித்தியாலம் காய்ச்சல் காய்ந்தது. 1972இல் அதே திகதியில் மூன்று நாள். 1973இல் பன்னிரண்டு நாள். நெற்றியில் வைத்த ஈரத்துணி பப்படம்போல் பொரிந்தது. அப்போத்திக்கரி நாடியைப் பிடித்துவிட்டு, அடுத்த வருடத்துக் காய்ச்சலை இந்த உடம்பு தாங்காது என்று பீற்றிஸிடம் ஒளிக்காமல் சொன்னார்.

கிறகோரி அதைக் கேட்டு, எழும்பிய அன்றே பதறிப்போய் ஒரு பிழை செய்தார். மணி அடிக்கும்வரை பொறுக்காமல் எஞ்சினின் பன்னிரண்டு நட்டுகளையும் ஒரே மூச்சில் இறுக்கினார். கரைவலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியான வினாயகமூர்த்தியின் வலை அப்போது கடலில் கிடந்தது. முடிச்சு முடிச்சாகக் கழன்று, இழுத்த நாற்பது பேரின் கையிலும் வெறும் நூல் வந்தது. அகப்பட்ட மீன் அவசரப்படாமல் திரும்பிப் போனது.

வினாயகமூர்த்தி ஈரச் சாரத்தோடு வளவுக்குள் வந்தார். “அண்ணே, கப்பி விழுந்தது, பறுவாயில்ல எண்டன். என்ட கலியாணத்தில வேட்டி அவுண்டது, அதுக்கும் பறுவாயில்ல எண்டன். இது நாப்பது வீட்டு அடுப்பு. அத இஞ்ச தாங்க.” ஸ்பனரை வாங்கிக்கொண்டு போய்த் தன் பெட்டகத்துக்குள் பூட்டினார். கிறகோரி ஒரு வருடம் கையாலும் பல்லாலும் குறட்டாலும் முயன்று பார்த்தார். இரண்டு பல்லுப் போனது.

1974 ஆவணி பதினோராம் திகதி பீற்றிஸ் சம்மாட்டி வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

“தம்பி, வலைய நீ ஒரு மாரிக்குள்ள பின்னிப்போட்டாய். மனிசன நான் எதால பின்னுற?”

வினாயகமூர்த்தி உள்ளே போனார். பெட்டகத்தைத் திறந்தார். அடுத்த நாள் ஊர் முழுக்க வள்ளங்களைக் கரையேற்றி, வலைகளைக் காயப்போட்டு, ஆடுகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கிறகோரி கோயில் மணி அடிக்க அடிக்க இறுக்கினார். பின் சக்கரத்தில் ஒரேயொரு நட்டு மிச்சமிருந்தபோது அதன் புரி தேய்ந்து, நட்டு அந்தரத்தில் சுற்றியது. அவர் அந்த இடத்திலேயே இருந்து அழுதார். காத்தான்குடியில் பழைய இரும்பு விற்கும் கச்சி முகம்மதுக்கு ஆள் போனது. அவர் ஏழு குவியலைக் கிண்டி, பழுதான நெல்லு மில் ஒன்றிலிருந்து ஒரு நட்டைக் கழற்றி, புரி வெட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பதினைந்தாம் திகதி பின்னேரம் நாலு மணி.

விடியற்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. கிறகோரி வானின் கட்டிலில் கிடந்தார். தகரம் தொட முடியாமல் சுட்டது. இந்த வானுக்கு மடு இரண்டு மூன்று நாள் ஓட்டம். அங்கே மாதாவின் திருச்சொரூபம் இந்நேரம் சுற்றி வந்திருக்கும். பீற்றிஸ் ஸ்பனரை எடுத்தாள்.

“வலப்பக்கம் சுத்து புள்ள, வலப்பக்கம்!” என்றார் கிறகோரி உள்ளேயிருந்து.

“எனக்குத் தெரியும். வாயப் பொத்திட்டுப் படுங்க.”

மணி அடித்தது. எண்ணூறு பேர் எண்ணூறு முடிச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பீற்றிஸ் நாலு வருடத்து எரிச்சலையும் தோளில் ஏற்றி நட்டை இறுக்கினாள். நட்டு கீச்சென்றது. அதற்கு மேலும் ஒரு சுற்று இறுக்கினாள். ஊர் மூச்சை அடக்கி நின்றது. கப்பி விழவில்லை. கொண்டை அவிழவில்லை.

“என்ன அக்கா, ஒண்டும் கழரல்லியே?” என்றார் கச்சி முகம்மது, சற்று ஏமாற்றத்தோடு.

அடுத்த நாள் காலை றேடியோவில் இன்று ஆவணி பதினைந்து, வியாழக்கிழமை என்றார்கள். யாரோ உறக்கத்தில் வாசிக்கிறான் என்று ஊர் நினைத்தது. பஸ்ஸில் வந்த பேப்பரிலும் அதே திகதி. தபாற் கந்தோரில் முத்திரை குத்தும் சில்லைப் பதினாறுக்குத் திருப்பப் பார்த்தார்கள். வழுக்கி வழுக்கிப் பதினைந்துக்கே வந்தது. மக்டலின் ரீச்சர் வரவு இடாப்பில் நேற்றுப் போட்ட திகதியையே திரும்பப் போட்டார். வினாயகமூர்த்தி ஓடி வந்து, வானின் சாரதி இருக்கையில் ஏறிக் குந்தினார். வவுணதீவு வயல் வட்டையில் உழவு மிசின் ஓட்டிய கை அவருடையது.

“அக்கா, திகதி கழண்டிட்டுது. அது மறுகா மாட்டுப்படுறதுக்கு முதல் ஏறுங்க!”

வான் கிளம்பியது, அதற்கு ஊர் பட்ட ஆச்சரியம் திகதிக்குப் பட்டதைவிடப் பெரிது. நாலு நாள் ஓடினார்கள். பொலனறுவையில் கிளச்சுக் கம்பி அறுந்தது, வவுனியாவில் கூரை உருகியது, ஒவ்வொரு விடியலும் பதினைந்தாகவே விடிந்தது. மடுவில் காட்டு மரங்களின் கீழ் சனம் நிறைந்திருந்தது. பீற்றிஸ் வானை விட்டு இறங்கி, மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டாள், இன்றைக்கு என்ன திகதி என்று.

“பதினஞ்சுதானே, வேற என்ன?” என்றாள் அவள், திரியைச் சுற்றிக்கொண்டே.

திருச்சொரூபம் வானைக் கடந்து போனபோது கிறகோரிக்கு வேர்த்தது. எழும்பி இருந்தார். சீலையை விலக்கிப் பின் சக்கரத்தைப் பார்த்து, “ஒரு சுத்துக் கூடப் போயிட்டுது புள்ள, இப்பிடியா இறுக்குற?” என்று எரிந்து விழுந்தார். பீற்றிஸ் அவருடைய நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவ்விடத்திலேயே குந்திவிட்டாள்.

அன்றிலிருந்து வருடா வருடம் அந்த ஒரு நட்டைப் பீற்றிஸ்தான் இறுக்குகிறாள். ஸ்பனரைத் தொடக் கிறகோரிக்கு அனுமதியில்லை, அவர் அதற்காக இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார். பெரியகல்லாற்றில் ஆவணி பதினைந்து, வான் போய்ச் சேரும்வரை இருக்கும். சில வருடம் நாலு நாள், கம்பி அறுந்தால் ஆறு நாள். அந்த நாட்களில் பிறக்கும் பிள்ளைகளைப் பதிவுகாரர் ஒரே திகதியில் எழுதுகிறார். எந்தப் பிள்ளை மூத்தது என்று மட்டும் தாய்மார் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.