ஊதாத விசில்

எனக்குப் பொறாமை கிடையாது என்று சொன்னால் என் மனைவி செல்லம்மாளே சிரிப்பாள். ஆகையால் சொல்லவில்லை. எழுபத்து நாலாம் வருஷம் தர்மபுரியில் நடந்த பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அதில் நியாயம் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் கோவிந்தன். கடத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மாவட்டத்தில் எந்த மூலையில் கூடைப்பந்து ஆட்டம் என்றாலும் கழுத்தில் விசிலோடு நான் போய் நிற்பேன். பென்னாகரத்தில் முழங்கால் சேற்றில் ஓடி ஊதியிருக்கிறேன். ஏரியூரில் ஆட்டத்தின் நடுவே எருமை புகுந்தபோதும் ஊதியிருக்கிறேன். எருமைகூட மதித்து வெளியே போனது. பார்க்கிற ஜனங்கள்தான் மதித்ததில்லை. ஜெயித்த ஊர்க்காரன் தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவான். தோற்ற ஊர்க்காரன் என் அப்பா அம்மாவை இழுப்பான். இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருவன் கை தட்டியதில்லை.

வீட்டில் அதைவிட மோசம். ஆட்டத்துக்குக் கிளம்பும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கேட்டால், "விசில் ஊதறதுக்கு எதுக்குங்க இஸ்திரி? பஸ் கண்டக்டரும்தான் ஊதறாரு, அவுரு என்ன வெள்ளச் சட்டையா போட்டுருக்காரு?" என்பாள் செல்லம்மாள். ஒருநாள் மைக்கில் என் பெயரைச் சொல்ல வேண்டும், அதை அவள் தன் காதால் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அது பேராசையா?

அதனால்தான் அந்த இறுதி ஆட்டத்துக்கு அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். எங்கள் தர்மபுரிக் காலேஜ் பெண்களுக்கும் சேலத்துக் காலேஜ் பெண்களுக்கும் ஆட்டம். பந்தல், வாடகை மைக் செட், ஊரே திரண்டிருந்தது. செல்லம்மாளை முதல் வரிசை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, புள்ளிக் கணக்கு எழுதுகிற மேஜைக்குப் போனேன். அங்கேதான் முதல் அடி விழுந்தது.

கூடைப்பந்தில் விசில்காரர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு ரெஃப்ரி என்று பெயர், மற்றவருக்கு அம்பயர். ஓட்டமும் வேலையும் இருவருக்கும் ஒன்றேதான். ஒருவர் கொடுத்த முடிவை மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது. பெரிய பெயர் மட்டும் ரெஃப்ரிக்கு. எப்போதும் ரெஃப்ரி நான்தான். அன்றைக்கு, "பொண்ணுங்க ஆட்டம் பாருங்க மாஸ்டர், அதான்" என்று இழுத்துவிட்டு, அரூரிலிருந்து வந்திருந்த ஜானகியம்மாளை ரெஃப்ரியாகப் போட்டிருந்தார்கள். அரூரில் அவள் டிரில் டீச்சர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, "வணக்கம் சார், நீங்க கூட இருக்கறது எனக்குத் தெம்பு" என்றாள். நானும் வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்வது?

ஆட்டம் ஆரம்பித்து நாலைந்து தடவை பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிருக்காது, ஜானகியம்மாள் ஊதினாள். எங்கள் காலேஜ் கேப்டன் காவேரி மேல் தப்பு. ஊர்ப் பெண் மேலேயே முதல் தப்பு! பந்தல் முழுக்க ஊளை. சரி, இன்றைக்கு இந்த அம்மாவுக்கு அர்ச்சனைதான் என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அவள் பதறவில்லை. முஷ்டியை உயர்த்தியபடி மேஜைப் பக்கம் நடந்தாள். விரலால் நம்பரைக் காட்டினாள். ஊர்க் கோடிக்குக் கேட்கிற குரலில், "ஏழாம் நம்பர்! எதிராளி கையப் புடிச்சா!" என்றாள். நாங்களெல்லாம் மேஜைக்காரர் காதில் விழுந்தால் போதும் என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுகிறவர்கள். இவள் சபைக்கே விளக்கம் சொல்கிறாள். தப்பு செய்த ஆட்டக்காரி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. காவேரி கையைத் தூக்கினாள்.

ஊளை அப்படியே நின்றது. "புள்ளயே ஒத்துக்கிச்சேப்பா!" என்றது ஒரு குரல். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவள் ஊதினால் பந்தல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அவள் காரணம் சொல்வாள். ஆட்டக்காரி கை தூக்குவாள். உடனே கைதட்டல். ஒரு சேலத்துப் பெண் பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டாள் என்று ஜானகியம்மாள் இரண்டு கையையும் ராட்டினம் மாதிரிச் சுற்றிக் காட்டினாள். மதில்மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதேமாதிரி சுற்றினார்கள். அதே சைகையை நான் அந்த மாவட்டத்தில் எத்தனை வருஷமாகச் செய்கிறேன்! யாராவது திருப்பிச் செய்தார்களா?

நானும் ஊதினேன். சரியாகவே ஊதினேன். நான் ஊதியதும் ஜனங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஜானகியம்மாள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மா ஒத்துக்கொள்கிறாளா என்று! அவள் மரியாதைக்குத் தலையை ஆட்டினாள். உடனே கைதட்டல், அவள் தலையாட்டலுக்கு. என் விசிலுக்கு அவளுக்குக் கைதட்டல். இதைவிட ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்துவது?

இதன் நடுவேதான் அப்துல் ரஷீத் பாய் மைக்கைப் பிடித்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர். மைக் செட் அவர் உபயம். எங்கள் பக்கம் தெருக்கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேஷக்காரர் ஒரு கட்டத்தை நன்றாக ஆடிவிட்டால், மனசு பொங்கிய ஆள் கூத்தைப் பாதியில் நிறுத்தி அன்பளிப்பு கொடுப்பார். கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரன் சபைக்குச் சொன்ன பிறகுதான் துரியோதனன் மேற்கொண்டு தொடையைத் தட்டுவான். பாய்க்குக் கூத்து என்றால் உயிர். கூடைப்பந்தையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்.

பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக் கரகரத்தது. "சபையோருக்கு வணக்கம்! நம்மூரு புள்ளைன்னு பாக்காம, வெளியூரு புள்ளைன்னு பாக்காம, நாயமா தப்பு புடிக்கிற ரெஃப்ரி அம்மாவுக்கு, அப்துல் ரஷீத் கட சார்பா ஒரு பூத்துண்டு அன்பளிப்பு!"

ஆட்டக்காரிகள் திகைத்து நின்றுவிட்டார்கள். பாய் துண்டைக் கையில் விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். ஆட்டம் நடக்கும்போது நடுவருக்கு அன்பளிப்பு! எந்த ஊரில் நடக்கும்? வாங்கினால் சேலத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். வாங்காவிட்டால் பாய்க்கு அவமானம், பந்தலே கவிழும். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே நினைத்தேன்.

ஜானகியம்மாள் நீளமாக ஒரு விசில் ஊதினாள். ஒரு உள்ளங்கையின்மேல் மறுகையின் விரல்களைக் குத்திட்டு நிறுத்தி டெக்னிக்கல் ஃபவுல் காட்டினாள். பாயை நோக்கிக் கையை நீட்டி, "மைக்கு! ஆட்டத்துக்கு எடஞ்சல்!" என்றாள்.

பாய் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டக்காரிகள் செய்கிற மாதிரியே வலது கையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பந்தல் அதிர்ந்தது. சேலத்திலிருந்து வந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். "எனக்கே ஃபவுல் குடுத்துட்டாங்கப்பா!" என்று பாய் பெருமை தாங்காமல் திரும்பி நடந்தார். மைக்குக்கு ஃபவுல் கொடுக்கச் சொல்லி எந்த விதியில் இருக்கிறது? நான் விதி முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வேன். அப்படி ஒன்று கிடையாது. முதல் வரிசையைப் பார்த்தேன். செல்லம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, வளையல் உடைகிற மாதிரி கை தட்டிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனபோது கிட்டே வந்து, "என்னங்க, அந்தம்மா எம்மாம் அழகா ஊதறாங்க! நீங்களும் அதுமாதிரி ரெண்டு வார்த்த சத்தமா சொன்னா என்னவாம்?" என்றாள். எனக்குத் தண்ணீர் புரையேறியது.

பிற்பாதியில் ஆட்டம் இழுபறி. முடிகிற நேரம் எங்கள் காலேஜ் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. தண்டவாளத் துண்டில் மணியடிக்க மேஜைக்காரர் சுத்தியலைத் தூக்கிவிட்டார். பந்து காவேரி கையில். என் பக்கத்துக் கூடையை நோக்கிப் பாய்ந்து வருகிறாள். ஜானகியம்மாள் தூரத்தில், நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். கூடைக்குக் கீழே நான்தான்.

காவேரி எழும்பினாள். சேலத்து நெட்டைப் பெண் ஒருத்தி எதிரே நின்றாள். பந்து காவேரியின் கையை விட்டுப் போன பிறகு தோளும் தோளும் உரசின. காவேரி செம்மண்ணில் விழுந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. "ஃபவுல்!" என்று பந்தலே ஒரே வாயாகக் கத்தியது.

விசில் என் பல்லுக்கு நடுவே இருந்தது. மூச்சு நெஞ்சு வரை வந்துவிட்டது. ஊதினால் காவேரிக்கு இரண்டு எறிவு. அவள் கை தப்பாது. எங்கள் ஊர் ஜெயிக்கும். "கோவிந்தன் மாஸ்டர்!" என்று பாய் மைக்கில் அலறுவார். அந்தத் துண்டு என் தோளுக்கு வரும். செல்லம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கெல்லாம் வேண்டியது ஒரு மூச்சுக் காற்று. உரசல் உரசல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? ஜானகியம்மாளே கேட்கக் கூடாது, அது விதி.

ஆனால் நெட்டைப் பெண் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கை இரண்டும் நேரே மேலே இருந்தன. நான் பார்த்தேன். பார்த்துத் தொலைத்துவிட்டேன். பார்த்த பிறகு எப்படி ஊதுவது? விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. ஊர் தோற்றது.

"அம்பயர் தூங்கிட்டான்டா!" என்றது மதில் பக்கம். "அந்தம்மா கிட்ட இருந்திருந்தா ஊதியிருப்பாங்க" என்றது இன்னொன்று. காவேரி மட்டும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் நெட்டைப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளுக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்துவிட்டதால் இனி அன்பளிப்புக்குத் தடை இல்லை. பாய் மறுபடி மைக்கைப் பிடித்தார். "தோத்தாலும் நாயமா தோத்தோம்! அதுக்கு நம்ம ரெஃப்ரி அம்மாதான் காரணம்!" ஆண்பிள்ளை போர்த்தினால் நன்றாக இருக்காது என்று துண்டைக் காவேரியிடம் கொடுத்து ஜானகியம்மாளுக்குப் போர்த்தச் சொன்னார். தோற்ற அணியின் கேப்டன் நடுவருக்குத் துண்டு போர்த்துகிறாள்! கைதட்டல் ஓயவே இல்லை. மைக்கில் கேப்டன்கள் பெயர் வந்தது, பந்தல் போட்ட முனியப்பன் பெயர் வந்தது, சோடா கொடுத்த கடையின் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை.

மரத்தடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஜானகியம்மாள் துண்டோடு வந்து நின்றாள்.

"சார், கடைசீல அந்த விசில ஊதாம நின்னீங்களே" என்றாள் மெதுவாக. "இன்னிக்கி ஆட்டத்துலயே நல்ல முடிவு அதுதான் சார். இந்த ஜனம் அந்தக் கத்து கத்துதுங்க, நானா இருந்தா என்னைய அறியாம ஊதித் தொலச்சிருப்பேன். தப்பாப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். அதில் நடிப்பு ஒரு துளியும் இல்லை. என் வாழ்நாளில் என் விசிலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஒற்றை ஷூவோடு எழுந்து நானும் கும்பிட்டேன். அடுத்த நொடியே கோபமும் வந்தது. ஏழாம் நம்பர் கையைப் பிடித்ததை ஊருக்கே கேட்கும்படி சொன்னவளுக்கு, இதைச் சொல்ல மட்டும் எப்படி இவ்வளவு சின்னக் குரல்? மைக் அதோ இருக்கிறதே!

கடத்தூர் பஸ்ஸில் செல்லம்மாள் வாய் ஓயவில்லை. அந்த அம்மாவின் ஷூ, அந்த அம்மாவின் குரல், அந்த அம்மா பாய்க்குக் கொடுத்த ஃபவுல். கடைசியில், "ஆமா, நம்ம புள்ள உழுந்துச்சே, நீங்க ஏங்க ஊதல? எல்லாரும் வையறாங்க, எனக்கு எம்மாம் வெக்கமா இருந்திச்சு தெரியுமா?" என்றாள்.

பொறுக்க முடியவில்லை. "தப்பே நடக்கல, அதான் ஊதல. நடக்காத தப்புக்கு ஊதாம நிக்கறதுதான் கஷ்டம். உன் ஜானகியம்மாளே வந்து சொன்னாங்க. இன்னிக்கி ஆட்டத்துலயே அதுதான் நல்ல முடிவாம். அவங்களா இருந்தா தப்பா ஊதியிருப்பாங்களாம்."

செல்லம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண்கள் விரிந்தன. என்றைக்கும் இல்லாத ஒரு மரியாதை அந்த முகத்தில் வந்தது. வந்ததை நான் பார்த்தேன். சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"நெசமாவா? அவங்க வாயாலயா சொன்னாங்க?"

"அவங்க வாயாலதான்."

"பாத்தீங்களா!" என்றாள் செல்லம்மாள். "எம்மாம் பெரிய மனசு அந்தம்மாவுக்கு!"

வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும் என்று அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கடத்தூர் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் உடனே நின்றது.