தரைக் கணக்கு

என் அக்காவுக்குச் சட்டமன்றத்தில் 'ஊசி' என்று பெயர். வைத்தவர் எதிர்க்கட்சித் தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மைக்'. பிடித்தால் விடமாட்டார். பதினெட்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள் என்று நானும் முதலில் சும்மா இருந்தேன். அவள் சபையில் கேள்வி கேட்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது தொழிலை வைத்து வந்த பெயர் இல்லை.

நான் அவளுடைய தம்பி. உதவியாளர் என்று என் அடையாள அட்டை சொல்லும். தட்டச்சு செய்வது, அவள் மறந்துபோகிற மதியச் சாப்பாட்டை ஞாபகப்படுத்துவது, வேண்டாதவர்கள் வந்தால் 'கூட்டத்துல இருக்காங்க' என்று வாசலில் நின்று பொய் சொல்வது எல்லாம் என் இலாகா. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், அவளுக்கு வராது. அதனால் அவள் பட வேண்டிய கோபத்தையும் நானே பட்டுக்கொள்கிறேன்.

மூன்று முறை ஜெயித்தாள். பதினைந்து வருஷம். மற்றவர்கள் பாலம் கேட்டார்கள், சாலை கேட்டார்கள், கல்வெட்டில் பெயர் கேட்டார்கள். இவள் எழுந்து பிரசவ வார்டு கழிப்பறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கேட்டாள். சபையே சிரித்தது. ஆறு மாதத்தில் தாழ்ப்பாள் வந்தது. அப்புறம் எல்லா சுகாதார நிலையத்திலும் பாம்புக்கடி மருந்து, அதை வைக்கக் குளிர்பெட்டி, குளிர்பெட்டி நின்றுபோகாமல் இருக்க மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வருஷம் அலைந்தாள். எந்தக் கல்வெட்டிலும் அவள் பெயர் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

கடைசியாக அந்த மசோதா. ஆறு படுக்கைக்கு ஒரு நர்ஸ், எல்லா ஷிப்டிலும். இல்லாவிட்டால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவருகிற மசோதாவை யாரும் தோற்கடிக்கக்கூட மெனக்கெட மாட்டார்கள், தூசி படிந்தே போய்விடும். இவள் நான்கு வருஷம் தலையால் தண்ணீர் குடித்து, தன் கட்சி சுகாதார அமைச்சரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. அந்தச் சபைக்கு அதுதான் கடைசி நாள். அடுத்த தேர்தலில் அவளுக்கு சீட் இல்லை என்று கட்சி முன்பே சொல்லிவிட்டது. அன்றைக்கு நிறைவேறாவிட்டால் அதை எடுத்துப் பேச ஆள் கிடையாது.

அக்காவுக்கு ஒரு வழக்கம். வாக்கெடுப்புக்கு முன்னால், மசோதா யாருக்காகவோ அவர்களிடமே போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். புதன்கிழமை மதியம் அவளுடைய பழைய வார்டுக்குப் போனோம். நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நின்று படித்தாள். முடித்ததும் தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். வாசலில் வாளியோடு நின்ற துப்புரவுப் பணியாளர் அம்மா மட்டும் தட்டவில்லை.

"படுக்கைக்குன்னுதானே எழுதியிருக்கு? கீழ படுத்திருக்கவங்களுக்கு யாரும்மா?"

அந்த வார்டில் கட்டில் முப்பது, நோயாளிகள் எழுபது. மீதி நாற்பது பேர் தரையில். தினமும் ஒவ்வொரு விரிப்பாக நகர்த்தித் தரை துடைக்கிறவருக்கு அந்த நாற்பது பேரும் அத்துப்படி. நர்ஸ்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்னிரண்டாம் பெட்டுக்குக் காய்ச்சல் என்பார்கள். தரையில் கிடப்பவரும் பன்னிரண்டு ஏ, பன்னிரண்டு பி. படுக்கையை எண்ணினால் ஆளை எண்ணியாயிற்று என்பது அவர்களுக்குக் கையோடு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அக்கா எழுதினாள், நானும் தட்டச்சு செய்தேன். நான்கு வருஷம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சட்டம் என்று வந்துவிட்டால் அதிகாரிகள் கட்டிலை மட்டும்தான் எண்ணுவார்கள்.

திரும்பி வரும்போது காரில் அக்கா மசோதாவை மடியில் விரித்து, படுக்கை என்று வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அமைச்சர் அறைக்குப் போனோம். படுக்கை என்பதை எடுத்துவிட்டு, ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று திருத்தம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியென்றால் அந்த ஒரு வார்டுக்கே பன்னிரண்டு பேர் வேண்டும், அத்தனை நர்ஸுக்கு எங்கே போவது என்று கேட்டார். இருப்பதை நிறைவேற்றுவோம், மிச்சத்தை அடுத்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். திருத்தம் வந்தால் ஆளுங்கட்சி மொத்தமும் மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடும் என்பதையும் குரல் உயர்த்தாமல் சொன்னார்.

வராந்தாவில் நான் அவளிடம் கெஞ்சினேன். இப்போது ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், முப்பது கட்டிலுக்கு ஐந்து பேர் வந்தாலே பெரிய விஷயம், கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன்.

"அஞ்சு பேரும் கட்டிலைத்தான்டா பாப்பாங்க. தரைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு சொல்லிக்க நானே சட்டம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்றாள்.

அதற்கு மேல் பேசிப் பிரயோஜனமில்லை. பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் எனக்கு இரண்டாவது இடம்தான்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் மாடத்தில் நானும், ஷிப்ட் இல்லாத நர்ஸ்கள் ஆறேழு பேரும், துப்புரவு அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். அவரை அக்காதான் பாஸ் வாங்கி அழைத்து வரச் சொன்னாள். சத்தம் போடக் கூடாது, கை தட்டக் கூடாது என்று காவலர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா எழுந்தாள். மசோதாவில் ஒரு தப்பு இருக்கிறது, அது தன்னுடையது என்றுதான் ஆரம்பித்தாள். ஆளுங்கட்சி வரிசையில் சலசலப்பு. எதிர்க்கட்சி வரிசையில் 'மைக்' தன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"நான் நர்ஸா இருந்தப்ப ஒரு மதிய ஷிப்ட்ல அறுபத்து மூணு பேருக்கு நான் ஒருத்தி. பத்தொன்பதாம் கட்டிலுக்கு அடியில ஒரு அம்மா படுத்திருந்தாங்க. நான் கட்டில் கட்டிலா பாத்துக்கிட்டே போனேன். குனிஞ்சு பாக்கல. ஷிப்ட் முடியற நேரத்துல பாத்தா, உயிர் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அன்னிக்கு என் கணக்குல அவங்க இல்ல. இன்னிக்கு நான் எழுதின சட்டத்துலயும் அவங்க இல்ல. இதை இப்படியே நிறைவேத்தாதீங்க."

எனக்கே அது தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவன், பதினைந்து வருஷம் கூடவே சுற்றியவன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிட்டாளா என்றுகூட நான் கேட்டிருக்க மாட்டேன். செய்த தப்பை இத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. "எங்க அக்கா" என்று பக்கத்தில் இருந்த துப்புரவு அம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்றார்.

கீழே மைக் எழுந்தார். தங்கள் கட்சி திருத்தத்தை ஆதரிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். ஆளுங்கட்சிப் பின்வரிசையிலும் சில தலைகள் ஆடின. அமைச்சர் திரும்பி அந்தத் தலைகளைப் பார்த்தார், மனசுக்குள் கூட்டிக் கழித்தார், பிறகு எழுந்தார். நோயாளிகளையே எண்ணலாம், ஆனால் ஆறு முடியாது, பத்துப் பேருக்கு ஒரு நர்ஸ், இதற்கு உறுப்பினர் சம்மதித்தால் அரசு ஆதரிக்கும் என்றார்.

ஆறு எங்கே, பத்து எங்கே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதினாள். வார்டில் ஓடும்போது நர்ஸ்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். அவள் என்ன எழுதியிருப்பாள் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய வார்டுக்குக் கட்டில் கணக்கில் ஐந்து பேர், ஆள் கணக்கில் ஏழு பேர். அதுவும் தரையையும் சேர்த்து. அமைச்சர் மனம் மாறுவதற்குள் சம்மதம் என்று சொல்லிவிட்டாள்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். முதலில் அக்கா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் கட்சி வரிசைகள் எழுந்தன, எதிர்ப்பக்கம் மைக்கும் அவர் ஆட்களும் எழுந்தார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பது மாடத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் சபைச் செயலாளர் முறைப்படி ஒவ்வொரு வரிசையாக எண்ணத் தொடங்கினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்போது எழுந்து நின்றேன் என்றே தெரியவில்லை. பார்த்தால் நர்ஸ்களும் நின்றுகொண்டிருந்தார்கள், துப்புரவு அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்.

காவலர் விறுவிறுவென்று வந்தார். "உக்காருங்க. இங்க உங்களுக்கு ஓட்டு கிடையாது."

நியாயம்தான் என்று நான் உட்காரப் போனேன். துப்புரவு அம்மா அசையவில்லை. கீழே எண்ணுகிறவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"இருங்க தம்பி. எங்களைத்தான் எண்ணிக்கிட்டிருக்காங்க."