முப்பத்திரண்டாவது அழைப்பு

கல்லூரியில் எங்கள் விளம்பர வகுப்பில் படமே எடுக்காமல் ஒரு படத்துக்கு விளம்பரம் செய்யச் சொன்னார்கள். கதை, நடிகர், போஸ்டர், ஆட்களை இழுக்கிற வேலை எல்லாவற்றையும் குழுவாகச் சேர்ந்து பத்து வாரத்தில் திட்டம் போட்டுக் காட்டினால் மார்க். உலை வைக்காமலே ஊரைச் சாப்பிடக் கூப்பிடுகிற வேலை.

எங்கள் குழுவில் மூன்று பேர். எதையும் செய்யாமல் விரலை மட்டும் நீட்டுவதால் 'டைரக்டர்' என்று பெயர் வாங்கியவன் ஒருவன். மூச்சு விடாமல் பேசுகிற 'ரேடியோ' ஒருத்தி. அப்புறம் நான். காணாமல் போன ஒருவனைப் பற்றிய கதை என்று முடிவானதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நெஜமான 'காணவில்லை' நோட்டீஸ் மாதிரியே ஒட்டுவோம். படம்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. போன் பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லலாம்."

டைரக்டர் மேசையைத் தட்டினான். "செம! போட்டோவுக்கு யாரு?"

"எங்க அத்தை பையன் இருக்கான். ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அத்தை பையன் இல்லை. அது என் அண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பரீட்சையில் தேறாமல் வந்து நின்றவனை, "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்றார் அப்பா. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவன், அன்றைக்கும் கேட்டுவிட்டான். அவனைத் தேடக் கூடாது, அவன் பேரைக்கூட எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடையிலேயே அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். போஸ்டரைப் பார்த்து அப்பா கேட்டால் கல்லூரி வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மாவிடம் மட்டும் விஷயத்தைக் காதோடு சொன்னேன்.

குழுவிடம் ஏன் மறைத்தேன்? அண்ணன் ஓடிப்போனவன் என்று வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டாமே என்ற வறட்டுக் கௌரவம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போஸ்டரில் 'இடது புருவத்தில் தழும்பு' என்று போட்டேன். சின்ன வயதில் நான் தள்ளிவிட்டதால் வந்த தழும்பு அது. "என்னா கற்பனை உனக்கு!" என்றான் டைரக்டர்.

யாருக்கு எந்த வேலை என்று ஆசிரியர் சீட்டுக் குலுக்கினார். போஸ்டர் எனக்கு, போன் ரேடியோவுக்கு. மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சினேன். "பேசுற வேலைய விட்டுக் கொடுப்பேனா?" என்றாள். கல்லூரியில் கொடுத்தது பழைய பட்டன் போன். கடைசியாக வந்த இருபது எண்களுக்கு மேல் அதில் தங்காது.

பஸ் நிறுத்தம், சலூன், மருந்துக் கடைச் சுவர் என்று ஒட்டித் தள்ளினோம். யாரோ அதைப் போனில் படம்பிடித்து இணையத்தில் போட, அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. தினமும் ரேடியோவிடம், "யாராவது கூப்பிட்டாங்களா?" என்பேன். "எல்லாம் வெட்டிப் பசங்க" என்பாள். வீட்டில் அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து அம்மா என்னைக் கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

பத்தாவது வாரம் வகுப்பின் முன்னால் எங்கள் முறை வந்தது. நான் கணினியில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ரேடியோ நோட்டைப் பிரித்து, வந்த அழைப்புகளைக் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"இருங்க, முப்பத்திரண்டாவதுதான் சூப்பர். ஐஸ் ஃபேக்டரியிலேர்ந்து ஒருத்தர். 'இந்தப் பையன் எங்ககிட்டதாம்மா ஐஸ் ஏத்துறான், புருவத்துல தழும்பு இருக்கு'ங்கிறாரு. அண்ணே, அந்தத் தழும்பே நாங்க எழுதினதுன்னேன். மனுஷன் விட்டாத்தானே! 'பையன் பக்கத்துலதான் நிக்கிறான். வீட்ல நெஜமாவே தேடுறாங்களான்னு கேக்கச் சொல்றான்'ங்கிறாரு."

"நீ என்ன சொன்னே?" என்று டைரக்டர் எடுத்துக் கொடுத்தான். ஒத்திகை பார்த்திருப்பார்கள்.

"யாரும் தேடலண்ணே, இது சும்மா படம்னேன். அவரு அதை அப்படியே அந்தப் பக்கம் சொன்னாரு. அப்புறம் 'சரிம்மா, வெச்சிடுறேன்'னுட்டாரு!"

ஒரே கைதட்டல். ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அடுத்த படத்துக்கு மாற்றவில்லை. திரையில் அண்ணன் சுவர் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் ரேடியோவின் கையைப் பிடித்தேன். "எந்த ஊருன்னு கேட்டியா? நம்பர எழுதி வெச்சியா?"

"எதுக்குடி? எவனோ விளையாடினான்."

"அது என் அண்ணன்டி."

அவள் பையைத் துழாவிப் போனை எடுத்து நீட்டினாள். வாங்கி, அதிலிருந்த இருபது எண்களையும் கூப்பிட்டேன். பாதிக்கு மேல் எங்கள் கல்லூரிப் பசங்கள். மற்றவர்கள் படம் எப்போது வருகிறது என்று கேட்டார்கள். அந்த அழைப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போன் கம்பெனியில் பழைய பட்டியலுக்குப் போலீஸ் கடிதம் கேட்டார்கள். போலீஸ் நிலையத்தில், கோபித்துக்கொண்டு போன வயது வந்த பையனையெல்லாம் தேட முடியாது என்றார்கள். எங்கள் குழுவுக்குத்தான் முதல் மார்க் என்று டைரக்டர் செய்தி அனுப்பியிருந்தான்.

வீட்டுக்குப் போனபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னிக்கு யாராவது?"

"இல்லம்மா."

"நம்பரப் பெருசாத்தானே போட்டிருக்கே?"

"பெருசாத்தான் போட்டிருக்கேன்."

"அப்ப அவனே பாத்தாலும் பாப்பான்" என்றாள் அம்மா. "நாம தேடுறோம்னு தெரிஞ்சாப் போதும், வந்துடுவான்."