முங்கிய எருமை

மிதவைக்கு எருமை என்று பேர் வைத்தவர் அவள் கணவர்தான். கறுப்பாக, முதுகு மட்டும் தெரியத் தண்ணீரில் கிடக்கும். அலை தூக்கித் தூக்கிப் போட, வயிற்றுக்குள் ஒரு தண்டு ஏறி இறங்கி மின்சாரம் எடுக்கும். அலை மிஞ்சிப் போனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தானே முங்கிவிடும். அலை தணிந்ததும் ஒரு பம்பு அந்தத் தண்ணீரை வெளியே தள்ள, மறுபடி எழ வேண்டும். புயலோடு மல்லுக்கு நிற்பானேன் என்பது அவர் கட்சி.

சோதனைத் தொட்டியில் அது முங்கியதே தவிர, ஒருமுறைகூட எழவில்லை. அவர் கீழே கருவி அறையில் உட்கார்ந்து மின்சாரம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் படுத்ததும் மேலே ஓடிவருவார். அதற்குள் தொட்டி அசையாமல் கிடக்கும். பழி பம்பின் மேல் விழும். அதைக் கழற்றி மாட்டியே காலம் போயிற்று. பிறகு மாரடைப்பில் அவரும் போனார்.

மிதவையை உடைத்துவிடச் சொன்னார் ஆய்வகத் தலைவர். வெட்ட வந்தவன் அங்கேயே வேலை பார்க்கும் அவள் கொழுந்தன்.

"அண்ணனே போயாச்சு அண்ணி. இதக் கட்டிக்கிட்டு அழுது என்ன பண்ண?"

"அழுற மூஞ்சியாடா இது? கட்டரக் கீழ வை."

ஒற்றைக்காலில் நின்று கடைசியாக ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினாள். பக்கத்துக் கட்டடத்தில் மின்சுற்று வேலை பார்ப்பவள், தொட்டியருகே நின்றது அன்றுதான் முதல்முறை. அலை எழுந்தது. எருமை முங்கியது. அலை இயந்திரக்காரர் கை தன்பாட்டில் போய் விசையை அணைத்தது.

ஏன் நிறுத்தினார் என்று கேட்டாள்.

"முங்கிட்டா நிறுத்திடுவோம் தங்கச்சி. மூழ்கின சாமானுக்கு அலை எதுக்கு?"

அவளுக்குச் சுரீர் என்றது. வயிற்றுத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்குத் தனி மோட்டார் கிடையாது. அலை அசைத்தால்தான் அது ஓடும். ஒவ்வொரு முறையும் அதன் சோற்றைப் பிடுங்கிவிட்டு, எழவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிரேனால் தூக்கி வடித்து மறுபடி இறக்கச் செய்தாள். அலை விசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். எருமை முங்கியதும் பெரிய அலையைத் தணித்து, சின்ன அலையை விடாமல் ஓட்டச் சொன்னாள்.

"உங்க எருமைக்குத் தண்ணி சொகம் கண்டுபோச்சு" என்றார் இயந்திரக்காரர். போதும் என்று நகரச் சொன்னார் பார்க்க வந்திருந்த தலைவர். அவள் நகரவில்லை.

குமிழிகள் வந்தன. பிறகு, நிதானமாக, கறுத்த முதுகு.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஒருமுறை எழுந்ததை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லையாம்.

"பெரிய அலையப் போடுங்கண்ணே" என்றாள் அவள். "இன்னொருக்கா முங்கட்டும்."