பச்சை அடித்த கித்தார்

கன்னையா தன் லோரியை எந்த வொர்க்‌ஷாப்பிலும் விட்டுவிட்டு வந்தவர் இல்லை. கழற்றுகிற ஸ்குருவையெல்லாம் கைக்குட்டையில் வாங்கி முடிந்துகொண்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். கண்ணை மூடினால் நல்ல சாமானை உருவிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவான் என்பது அவர் கணக்கு. கிள்ளான் மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். அவர் தலை தெரிந்தால் உட்கார ஒரு பெட்டியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்கள்.

அப்படிப்பட்ட ஆள் எண்பத்தொன்பதில் ஒரு காலை, மடியில் தம்பியின் எலெக்ட்ரிக் கித்தாரை வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ்ஸில் வந்தார்.

தம்பி ஜெயராஜ் கல்யாண வீடுகளில் பேண்டு வாசித்தவன். போன வருசம் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி சீதாலெட்சுமி கேரி தீவில் தோட்டத்து வீட்டில் இருந்தாள். தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டதால் தீபாவளிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கிள்ளானில் வாங்க ஒரு மலிவு வீடு பார்த்தாயிற்று. முன்பணம் இரண்டாயிரத்தைந்நூறு வெள்ளி. விற்க அவளிடம் இருந்தது இந்தக் கித்தார் ஒன்றுதான்.

"பட்டர்வொர்த்துல ஒரு ஆஸ்திரேலியா சோல்ஜர்கிட்ட வாங்கினது, அசல் அமெரிக்கா சாமான்" என்று ஜெயராஜ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். பங்சாரில் பழைய வாத்தியம் வாங்கி விற்கிறவனோ போன வாரம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜப்பான் நகல் லா அங்கிள். தலையில கம்பெனி பேரு கூட இல்ல. முந்நூறு தரேன், வச்சிட்டுப் போங்க" என்றான். வச்சிட்டுப் போங்க என்ற வார்த்தையே கன்னையாவுக்கு ஆகாது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ரேடியோவும் கித்தாரும் ரிப்பேர் செய்கிற இராசேஸ்வரி, ரயில்வேக்காரர் மகள். ஐம்பது தாண்டிய யாழ்ப்பாணத்து அம்மாள். தம்பி சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே கித்தாரை மேசையில் துணி விரித்துக் கிடத்தினாள்.

"யார் இதுக்குப் பச்சை அடிச்சது?"

"நான்தான். ஆயுத பூசைக்கு லோரிக்கு அடிச்சேன், மிச்சத்தை இதுக்கு அடிச்சேன். தம்பிக்கும் சந்தோசம்தான், கைபட்டுக் கைபட்டு சாயம் போய்க் கிடந்துச்சு."

"தலையில பேர் எங்க?"

"வருசா வருசம் அங்கதான் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் ஈரத்துணி போட்டுத் துடைப்போம். பேரும் கூடவே போயிருச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஸ்குரு டிரைவரை எடுத்தாள். கன்னையா உடனே கைக்குட்டையை விரித்தார்.

"கழட்டுற ஸ்குரு எல்லாம் என் கைக்கு வரணும்."

"நல்லதாப் போச்சு, எனக்குத் தேடுற வேலை மிச்சம். கையை நீட்டுங்கோ."

முதலில் கழுத்தைக் கழற்றினாள். உடம்போடு சேர்கிற அடிப்பக்கத்தில் மையில் குத்திய தேதி இருந்தது. மாதம் மங்கியிருந்தாலும் 63 என்ற வருசம் கன்னையாவுக்கே படிக்க வந்தது.

"கழுத்து அறுபத்து மூணு. சரி, உடம்பு?" என்றார் அவர். "எஞ்சின் ஒரு வண்டிது, சேசிஸ் ஒரு வண்டிதுன்னு எத்தனை லோரி ஓடுது தெரியுமா?"

"அதுதான் நானும் இதை இன்னும் நம்பேல்ல."

கன்னையா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அடுத்து முன்பக்கத்து வெள்ளைத் தகட்டைக் கழற்றிக் குப்புறப் போட்டாள். சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுக்கு அடியில் சின்னத் தகரக் குப்பி. அதில் பொடி எண்கள். "முதல் மூணு எண், செய்த கம்பெனி. அடுத்த ரெண்டு, வருசம். கடைசி ரெண்டு, அந்த வருசத்தில எத்தனையாவது வாரம்" என்று விரலால் காட்டினாள். அங்கேயும் 63.

"அப்புறம் என்ன, அசல்தானே" என்றார் கன்னையா.

"பொறுங்கோ. திருகை மாத்துறது பெரிய வேலையா?"

பூதக்கண்ணாடியை எடுத்து, கம்பிகளை ஒட்டியிருந்த ஈயத்தை ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தாள். ஒருமுறை உருகியது மறுபடி உருகினால் பளபளப்பு வேறாக இருக்குமாம், பக்கத்தில் கருகல் இருக்குமாம். பார்த்த இடத்தையே விளக்கைத் திருப்பி மறுபடி பார்த்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. கன்னையா உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்க சந்தேகப்பட்டே பிழைத்தவர் அவர். சந்தேகத்தை இப்படி வரிசை வைத்துப் படுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறார். தனக்குத் தெரிந்தது பக்கத்தில் குந்தியிருப்பது மட்டும்தான் என்று பட்டது.

கடைசியாக அவள் உடம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவர் பச்சை அடித்தபோது தகட்டைக் கழற்றாமல் பேப்பர் ஒட்டி மறைத்துத்தான் அடித்திருந்தார். அதனால் தகட்டுக்கு அடியில் பழைய சாயம் அப்படியே இருந்தது. நடுவில் மஞ்சள், ஓரத்துக்கு வர வரச் சிவப்பு. இருட்டுகிற நேரத்தில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் மேற்கே வானம் இருக்குமே, அந்த மாதிரி. கன்னையா கிட்டே குனிந்து பார்த்தார். எவன் இதைச் செய்தானோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

"அசல்தான் அண்ணே. ஈயம் ஒரு இடத்திலயும் திரும்ப உருகேல்ல, அடியில இருக்கிறதும் கம்பெனிச் சாயம். உங்கட தம்பி பொய் சொல்லேல்ல. ஏழாயிரம் போகும். பச்சை அடிக்காட்டி பன்னிரண்டாயிரம்."

"அஞ்சாயிரத்தை என் பெயிண்டு தின்னுருச்சா?"

"ஓம்."

"சுரண்டிட்டா?"

"இன்னும் குறையும். லோரியைப் பாருங்கோ, இதில கை வைக்காதீங்கோ."

இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் கடைசியாக ஒரு தூண்டில் போட்டார். விலை சொல்கிறவன்தான் அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்ப்பான்.

"நீயே எடுத்துக்கறதுன்னா எவ்வளவு குறைப்ப?"

"என்னட்ட ஏது அவ்வளவு காசு? செராஸில ஒரு பல் டாக்டர் பழைய கித்தார் சேர்க்கிறார். கேட்டுப் பார்ப்பம்" என்று அங்கேயே போன் போட்டாள். தேதி, திருகு, ஈயம் எல்லாம் சொன்னாள். பச்சையையும் மறைக்காமல் சொன்னாள். வைத்துவிட்டு, "நான் சொன்னபடி இருந்தால் ஏழாயிரம் தருவாராம். சனிக்கிழமை வாறார். அதுவரைக்கும் பிரிச்சபடியே இங்க கிடக்கட்டும். பொருத்திப் பூட்டினால் அவர் திரும்பக் கழட்டச் சொல்லுவார், ஸ்குரு ஓட்டை தளர்ந்து போகும். கித்தார் என்னட்ட இருக்குதெண்டு துண்டு எழுதித் தரட்டா?" என்றாள்.

கன்னையா கித்தாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "துண்டு எனக்கு எதுக்கு, படிக்கவா போறேன்" என்று எழுந்தார்.

பொழுது சாய்கையில் கேரி தீவில் சீதாலெட்சுமி வாசலில் நின்றாள். வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"முந்நூறுக்கே குடுத்துட்டீங்களா மாமா?"

"ஏழாயிரம். சனிக்கிழமை கைக்கு வரும். வீடு விக்கிறவன்கிட்ட முன்பணம் கட்ட வரோம்னு சொல்லிரு."

"கித்தார் எங்க?"

"அந்த அம்மா கடையில வச்சிட்டு வந்தேன். பிரிச்சுக் கிடக்கு."

"நீங்களா?" என்றாள் அவள். "ஸ்குருவையாச்சும் கொண்டாந்தீங்களா?"

கன்னையா மடித்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவும் அங்கதான் இருக்கு."