குகைக்குள் நின்ற வண்டி

பொம்மை ரயில் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் தலைவருக்கு முகம் சுருங்கிவிடும். "மாதிரி ரயில்வே" என்று திருத்துவார். மாதிரி ரயில்வே சங்கத்தின் தலைவர் என்றால் சும்மாவா? கழுத்தில் விசில், தலையில் தங்கப் பட்டை போட்ட தொப்பி. நிஜ ரயிலில் ஏறினால் அவருக்குக் குமட்டும் என்பது வேறு விஷயம்.

சங்கத்தின் ரயில் மேஜைக்கு வயர் இழுத்தவர் மருந்துக்கடைக்காரர். ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகள் ஓடும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் எண்; கைக்கருவியில் அந்த எண்ணைத் தட்டினால் அந்த இன்ஜின் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் அத்தனை வண்டிக்கும் கரண்ட் ஒரே பெட்டியிலிருந்துதான். ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பெட்டி கதவைச் சாத்திக்கொள்ளும்; எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். ஆகவே கண்காட்சியன்று ஆறு வண்டிக்கு மேல் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் கூட்டத்தில் கறாராகச் சொல்லியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட பலமாக ஆட்டியவர் பல் டாக்டர். மருந்துக்கடைக்காரரின் மனைவிக்குத் தம்பி. அவரைச் சங்கத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததே மருந்துக்கடைக்காரர்தான்.

கண்காட்சி நல்லபடி முடிந்தால் கட்டுப்பாட்டு மேஜை நிரந்தரமாக மருந்துக்கடைக்காரருக்கு என்று பேச்சு. அவர் ஆசைப்பட்ட பதவி உலகத்தில் அது ஒன்றுதான்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்து, "நமது சங்கத்தின் துல்லியம்" என்று தொடங்கியபோது ஆறு வண்டிகளும் நின்றன. மருந்துக்கடைக்காரர் பெட்டியை மறுபடி உயிர்ப்பித்தார். ஒரு முழம் ஓடி, மறுபடி நின்றன.

"என்னய்யா, மானத்த வாங்குறீங்க?" தலைவர் மைக்கை அணைக்காமலே கேட்டதால் மண்டபத்துக்கே கேட்டது.

"ஆறு வண்டி இவ்வளவு இழுக்காது சார். வேற ஏதோ ஏறியிருக்கு."

"வயரிங் கோளாறா இருக்கும் சார்," என்றார் பல் டாக்டர். "கம்பி மெல்லிசா இருக்குன்னு அத்தான்கிட்ட அப்பவே சொன்னேன்."

அப்படியொரு வார்த்தை அவர் சொன்னதே இல்லை. வாங்கும்போது கடையில் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்து "இதுவே போதும் அத்தான்" என்றவர் அவர்.

மருந்துக்கடைக்காரர் மேஜைக்கடியில் தவழ்ந்து, அட்டை மலையின் பின்பக்கக் கதவைத் திறந்தார். குகைக்குள் ஏழாவதாக ஒரு வண்டி, தலைவரின் ராஜ வண்டி. முன்னே இரண்டு புது இன்ஜின்கள், நின்றபடியே உறுமும் வகை. பெட்டிக்குப் பெட்டி விளக்கு. உணவுப் பெட்டியில் சரவிளக்குகூட இருந்தது. தளர்ந்த கொக்கிகளை யாரோ நூலால் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் மெழுகு நூல்.

பின்னாலேயே பல் டாக்டரும் தவழ்ந்து வந்தார்.

"மாப்ளே, இது நீ கட்டினதுதானே?"

"மெதுவா பேசுங்க அத்தான். பேச்சு முடிஞ்சதும் குகையிலேர்ந்து வரணும்னு தலைவருக்கு ஆசை. இப்பத்தான் ஏத்தி வச்சேன். சும்மா நிக்கிற வண்டி, அது எதுக்குக் கரண்ட் எடுக்கப் போகுதுன்னு நெனச்சேன்."

"இவ்வளவு விளக்கு எரியணும். இன்ஜின் நின்னுகிட்டே உறுமணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்பீங்க."

"வேணாம்னு சொல்லத்தானே என்னை வச்சிருக்கீங்க."

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய போய் தலைவர் வண்டின்னு சொல்லிடாதீங்க அத்தான். வயரிங் கோளாறுன்னு இருந்தா பழி நம்ம குடும்பத்தோட போயிடும்."

"குடும்பத்தோடயா, என்னோடயா?"

மருந்துக்கடைக்காரர் ராஜ வண்டியைத் தண்டவாளத்திலிருந்து பக்குவமாகத் தூக்கி ஓரமாக வைத்து, கைக்கருவியால் கரண்ட் பெட்டியை உயிர்ப்பித்தார். வெளியே ஆறு வண்டிகளும் ஓடத் தொடங்கின. அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் தலைவர் மைக்கில் இருந்தார்.

"சிறு வயரிங் பிழை. நமது டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இனி கட்டுப்பாட்டு மேஜை அவர் பொறுப்பு."

கைதட்டல். மருந்துக்கடைக்காரரின் மனைவியும் தட்டினாள். தம்பியாயிற்றே.

"இன்னிக்கு மட்டும்தான் அத்தான்," என்று பல் டாக்டர் கைக்கருவிக்காகக் கையை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். தடுப்புக் கயிற்றைத் தூக்கி, குனிந்து, பார்வையாளர்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பேச்சின் உச்சம் நெருங்கியது. தலைவர் கண்ணைக் காட்ட, பல் டாக்டர் குகைக்குள் கையை விட்டு ராஜ வண்டியைத் திரும்பத் தண்டவாளத்தில் ஏற்றினார். தலைவர் விசில் ஊதினார். சரவிளக்கு ஒரு கணம் எரிந்தது. பிறகு எல்லாம் நின்றது.

பல் டாக்டர் கரண்ட் பெட்டியைத் தட்டினார், கருவியை உலுக்கினார், கடைசியில் கூட்டத்துக்குள் கண்களால் தேடினார்.

"எப்பங்க ஓடும்?" என்று பக்கத்திலிருந்த அம்மாள் மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள். "நீங்கதானே அந்தப் பக்கம் நின்னீங்க?"

"டாக்டரக் கேளுங்கம்மா," என்றார் அவர், மைத்துனரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே. "நான் வேடிக்கை பாக்க வந்தவன்."