நன்று போட்ட நாலு பிள்ளைகள்

கார்த்திகை மாதத்தில் ஓர் ஆசிரியையை உற்சாகப்படுத்த வேண்டுமென்றால் பள்ளி விட்டவுடன் அவளை வீட்டுக்குப் போக விடவேண்டும். இது எனக்குத் தெரியும், பள்ளி வாசலில் கச்சான் கடலை விற்கிற மனிசிக்கும் தெரியும். எங்கள் அதிபர் ஞானாம்பிகைக்கு மட்டும் தெரியாது. அவர் கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கலர் கலராக ஒட்டுத்தாளும் ஒரு பை நிறைய மார்க்கர் பேனையுமாக வந்து இறங்கினார். வருஷக் கடைசியில் ஆசிரியர்கள் சோர்ந்துபோவார்களாம். சோர்ந்தவர்கள் ஒன்றாக இருந்து கற்றால் உற்சாகம் தானாக வருமாம். ஆகவே புதன்கிழமை தோறும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் 'கூடிக் கற்றல்' நடக்கும் என்று அறிவித்தார். தேத்தண்ணியும் வாய்ப்பனும் உண்டு.

பண்டத்தரிப்புப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற ஆரம்பப் பாடசாலை எங்களுடையது. ஐந்து வகுப்பு, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், படிப்பிக்க அதிபரோடு ஆறு பேர். நான் இராசமலர், நாலாம் வகுப்பு. வயது ஐம்பத்துமூன்று. வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஐந்து நிமிஷம். கையெழுத்து வடிவாக இருக்கும் என்று கூட்ட அறிக்கை எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். முறுமுறுத்துக்கொண்டுதான் அந்தக் கொப்பியை வாங்கினேன். பிறகு அது என் கையில் இருந்ததை நினைத்து நான் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் என் முகத்தில் காறித் துப்புவீர்கள்.

முதல் புதன்கிழமை மழை. கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்தோம்.

"இந்த வருஷம் எனக்குச் சரிவராமல் போன ஒரு விஷயம். ஒவ்வொருத்தரும் மனம் திறந்து சொல்லவேணும்," என்றார் அதிபர். "இஞ்சை கதைக்கிறது இந்த அறையை விட்டு வெளியிலை போகாது."

"அப்ப அறிக்கை ஏன் மேடம்?" என்று கேட்டார் ஐந்தாம் வகுப்பு லெனாட்.

"அது சும்மா ஃபைலுக்கு. கூட்டம் நடந்ததெண்டு காட்டவேணுமெல்லே."

லெனாட்டே முதலில் மனம் திறந்தார். பிள்ளைகளில் அவருக்குப் பாசம் கூடிப்போய்விட்டதாம், கண்டிப்புக் காணாதாம். அவருடைய அடிமட்டம் பிள்ளைகளின் கையில் விழுகிற சத்தம் எனக்கு நாலாம் வகுப்பில் இருந்தாலே கேட்கும். முதலாம் வகுப்பு பிரியந்தினி ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். நேரம் போவது தெரியாமல் படிப்பித்துவிடுகிறேன் என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். மூன்றாம் வகுப்பு ஜெயசுதன், விடுமுறையிலும் பாடத்தையே யோசிப்பதாகச் சொன்னான். எனக்கு ஓய்வெடுக்கத் தெரியாது என்று நான் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சம்பள உயர்வு கேட்கப் போனவர்கள் மாதிரி எங்கள் பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக இரண்டாம் வகுப்பு அஸீலா. தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள், வாப்பாவின் இடிந்த வீட்டைத் திருத்திக்கொண்டு யாழ்ப்பாண ரவுனுக்குத் திரும்பி வந்திருந்தாள். புருஷன் நளீர் இன்னும் புத்தளத்தில் லொறி ஓடுகிறான், இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவான். மகள் அமானிக்கு ஆறு வயது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து எங்களிடம் வருவாள். பின்னேரம் பிள்ளைக்கு அவள்தான் உம்மாவும் வாப்பாவும்.

அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்ரை வகுப்பிலை நாலு பிள்ளையளுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. பாடத்தைக் கேட்டுப் பாடமாக்கிப்போட்டு, புத்தகத்தைப் பாத்துச் சொல்லுவினம். நான் அதைக் கண்டுபிடிக்கவே ஆனி மாசமாப் போச்சு. கண்டுபிடிச்ச பிறகும் பயத்திலை றிப்போட்டிலை 'நன்று' எண்டு போட்டுட்டன். அது என்ரை பிழை. எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை. உங்களிலை ஆருக்கும் தெரிஞ்சால் ஒருக்கால் காட்டித் தாங்கோ."

போன வருஷம் முதலாம் வகுப்பு என்னுடையது. அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் தெரியும். மழைக்காலத்தில் பாதி நாள் வராத பிள்ளைகள். யார் பின்னால் ஓடுவது? நாலு றிப்போட்டிலும் 'நன்று' என்று வடிவாக எழுதி, கையெழுத்து வைத்து மேலே தள்ளிவிட்டேன். அந்த றிப்போட்டுகள் அஸீலாவின் அலுமாரிக்குள் இருந்தன. அவள் இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டிய பதிலையும் வாய்க்குள் வைத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை. என் பெயரைச் சொல்லவும் இல்லை.

"இதுதான் துணிவு!" என்றார் அதிபர். "எல்லாரும் கை தட்டுங்கோ."

தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. வாய்ப்பன் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அறிக்கை எழுதினேன். லெனாட்டுக்கு ஒரு வரி, பிரியந்தினிக்கு ஒரு வரி, எனக்கு ஒரு வரி. அஸீலாவுக்கு முக்கால் பக்கம். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதினேன். அவ்வளவு நேர்மையாக நான் வேறு எதையும் எழுதியதில்லை.

அடுத்த நாளிலிருந்து அஸீலா இடைவேளையில் அந்த நாலு பேரையும் மண்டபத்தின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். சுளகில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதுவிப்பாள். ஒரு பிள்ளை 'ப' எழுதினால் கப்பல் வந்தது மாதிரிச் சிரிப்பாள். சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி பக்கத்தில் கிடக்கும். "பாவம், பைத்தியம்," என்று நான் பிரியந்தினிக்குச் சொன்னேன்.

மூன்றாம் கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டபடியால் எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் மிகை. தை மாதம் தொடக்கம் அவர் நெடுந்தீவுக்குப் போகவேண்டும். பெயரைக் காரணத்தோடு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அதிபர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"லெனாட்டிலை கை வைக்கேலாது, புலமைப்பரிசில் வகுப்பு. பிரியந்தினிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. ஜெயசுதன் தீவிலை அஞ்சு வருஷம் இருந்துபோட்டு இப்பதான் வந்தவன். நீங்கள், இல்லாட்டி அஸீலா. நீங்களும் தீவுப்பக்கம் ஒருநாளும் போகேல்லைத்தானே?"

போகவில்லை. ஒவ்வொரு முறையும் டொக்டரிடம் ஒரு மருத்துவத் துண்டு வாங்கிக் கொடுத்துத் தப்பியிருந்தேன். இந்த வயதில் குறிகட்டுவான் துறையில் போட் ஏறி, கிழமை முழுக்க அங்கே குவாட்டர்ஸில் கிடக்க என்னால் முடியாது. முடியாது என்றில்லை, விருப்பமில்லை. அறிக்கைக் கொப்பியை விரித்து, "இதிலை ஒரு கையெழுத்து விடுபட்டுப்போச்சு மேடம்," என்று அந்தப் பக்கத்தை நீட்டினேன்.

அவர் வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"ஓம், இது எழுத்திலை இருக்குத்தானே," என்றார். அவருக்கு முகம் தெளிந்தது. எனக்கும்தான்.

திங்கட்கிழமை கடிதத்தோடு அஸீலா என் வகுப்புக்கு வந்தாள். 'மாணவரின் வாசிப்பு அடைவு திருப்தியின்மை, ஆசிரியையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று காரணம் போட்டிருந்தது. அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"ரீச்சர், மறுப்பு எழுதலாம். வியாழக்கிழமை கடைசி நாள். அந்தப் பிள்ளையள் என்னட்டை வரேக்கையே வாசிக்கத் தெரியாமல்தான் வந்தவை எண்டு அறிக்கையிலை ஒரு வரி இருந்தால் காணும். நான் சொன்னால் பழி போடுறன் எண்டுவினம். முதலாம் வகுப்பிலை படிப்பிச்சது நீங்கள். நீங்கள் ஒத்துக்கொண்டால் எழுதி அனுப்புறன் எண்டு மேடம் சொன்னவ."

"றிப்போட்டிலை நான் 'நன்று' எண்டுதானே போட்டுத் தந்தனான், பிள்ளை? அப்ப உன்னட்டை வந்தாப்பிறகுதானே கெட்டுப்போச்சுதுகள்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அமானியை ஆரட்டை விட்டுட்டுப் போறது ரீச்சர்? நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவளின்ரை பள்ளிக்கூடம்? வாப்பா பிறந்த ஊருக்கு வந்து இப்பதான் மூண்டு வருஷம். திரும்பவும் சாமானைக் கட்டச் சொல்லுறீங்களோ?"

எனக்கு ஒரு நிமிஷம் மனம் இளகியது, பொய் சொல்லவில்லை. உடனே போட்டின் டீசல் மணம் மூக்கில் அடித்தது.

"சபையிலை வாசிச்சு ஏற்றுக்கொண்ட அறிக்கை. இனி அதிலை ஒரு எழுத்தும் மாத்தேலாது. புதன்கிழமைக் கூட்டத்திலை சபையிலை வாய்விட்டுச் சொல்லுறது எதுவெண்டாலும் எழுதுவன். அதுதான் முறை."

"சபையிலை சொன்னால் எழுதுவீங்களோ?"

"சொன்னால் எழுதத்தானே வேணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் நாலாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்தேன்.

புதன்கிழமை வருஷத்தின் கடைசிக் கூடிக் கற்றல். அதிபர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் தந்து, அதை முதுகில் ஊசியால் குத்தச் சொன்னார். நாங்கள் எழுந்து நடந்து, ஒருவர் முதுகில் மற்றவர் அவரைப்பற்றி ஒரு நல்ல விஷயம் எழுதவேண்டும்.

"நல்லது மட்டும்தான். ஒருத்தரும் குறை எழுதக்கூடாது. முடிய ஒவ்வொருத்தரும் தங்கடை தாளைக் கழட்டி, அதிலை கிடக்கிறதைச் சபைக்கு உரத்து வாசிக்கவேணும். வாசிக்கிறதை இராசமலர் ரீச்சர் அறிக்கையிலை எழுதுவா."

முதலில் என் பின்னால் வந்தது அஸீலா. அவள் பேனை முதுகில் நிதானமாக ஊர்ந்தது. பிறகு அதிபர் வந்தார். எழுதத் தொடங்க முன்னம் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். லெனாட் வந்து ஒருமுறை செருமினார். பிரியந்தினி, "ஐயோ," என்று மெல்லச் சொன்னது கேட்டது. வயிற்றில் பிள்ளை உதைத்ததாக்கும் என்று நினைத்தேன். ஜெயசுதன் எழுதிவிட்டு என் முகத்தைப் பாராமல் போனான். என்னைப்பற்றி எழுத நல்ல சொல் தேடி மினைக்கெடுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அஸீலாவின் முதுகில் நான், 'துணிவானவர்' என்று எழுதினேன்.

வட்டமாக இருந்தோம். அஸீலா தன் தாளை வாசித்தாள். பொறுமையானவர், நேரம் தவறாதவர், அன்பானவர், இனிய குரல், துணிவானவர். ஐந்து பேர், ஐந்து நல்ல சொல். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கை தட்டினோம்.

பிறகு நான் என் தாளைக் கழற்றினேன். மேலே பச்சை மையில், குண்டு குண்டான எழுத்தில் முதல் வரி:

'இவர் முதலாம் வகுப்பில் நன்று போட்டு அனுப்பிய நாலு பிள்ளைகளும் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் - அஸீலா.'

அதற்கு நேரே கீழே அதிபரின் எழுத்து: 'கூட்ட அறிக்கை எழுதுவதில் இவருக்கு நிகரில்லை.' அதற்குக் கீழே லெனாட்: 'சிரித்த முகம்.' பிரியந்தினி: 'அம்மாவைப்போல.' ஜெயசுதன்: 'அனுபவசாலி.' ஒவ்வொருவரும் அந்த முதல் வரியை வாசித்துவிட்டுத்தான் தங்கள் வரியை எழுதியிருந்தார்கள். அரை மணித்தியாலமாக நான் அதை முதுகில் சுமந்துகொண்டு சிரித்துத் திரிந்திருக்கிறேன்.

வாசித்தால் எழுதவேண்டும். எழுதினால் நாளைக்கு அவளுடைய மறுப்போடு அது போகும். அவள் ரவுனில் மகளோடு இருப்பாள், நான் போட் ஏறுவேன். இவ்வளவும் எனக்கு ஒரு மூச்சில் விளங்கியது. அஸீலா மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கூட்ட அறிக்கை எழுதுவதில் இவருக்கு நிகரில்லை," என்று வாசித்தேன். "சிரித்த முகம். அம்மாவைப்போல. அனுபவசாலி."

தாளை இரண்டாக மடித்தேன்.

ஐந்து பேர் எழுதினார்கள், நாலு வாசித்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கே அந்தக் கணக்குத் தெரியும். லெனாட் கூரையைப் பார்த்தார். பிரியந்தினி வயிற்றைத் தடவினாள். ஜெயசுதன் வாயைத் திறந்து, அதிபரைப் பார்த்து, மூடினான்.

"முடிஞ்சுதோ ரீச்சர்?" என்று கேட்டார் அதிபர். அவருடைய வரிக்கு மேலே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டுக் கேட்டார். நான் தப்பிப் போகவோ, மிச்சத்தையும் வாசிக்கவோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஓம் மேடம். முடிஞ்சுது."

"அப்ப கை தட்டுங்கோ."

தட்டினார்கள். லெனாட் தொடங்கி வைத்தார். அஸீலா மட்டும் தட்டவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிய அறிக்கையை வாசித்தேன், ஏற்றுக்கொண்டார்கள், கொப்பி கையெழுத்துக்காக வட்டத்தைச் சுற்றி வந்தது. கடைசியாக அஸீலாவிடம் போனது. அவள் என் எழுத்தை முழுதாக வாசித்தாள். பேனை கேட்டாள், கொடுத்தேன். கையெழுத்து வைத்துவிட்டுக் கொப்பியையும் பேனையையும் என் மடியில் வைத்தாள்.

"தை மாசம் மூண்டையும் நாலையும் ஒண்டாக்கி உங்களட்டைத் தரப் போகினமாம். மேடம் சொன்னவ," என்றாள். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "அந்த நாலு பேரும் உங்களட்டைத்தான் வருவினம். பயப்பிடாதேங்கோ ரீச்சர், அவைக்கு இப்ப வாசிக்கத் தெரியும். இனி நீங்கள் 'நன்று' போடலாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஒருவரும் எழும்பவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதும் சபையில் வாய்விட்டுச் சொன்னதுதான். நான் பேனையை மூடிப் பைக்குள் வைத்தேன்.